தானாக

பென்சில் கரியை டேப்பில் ஒட்டிக்
கிழித்துக் கிழித்துக்
கடைசியில் நின்றது ஓர் அணுவின் தடிமன்.
கோழிவலை போல ஆறு மூலைக் கண்ணிகள்.
இதற்கு மேல் கிழிக்க ஒன்றுமில்லை என்றேன்.
நுஸ்ரத் பதில் சொல்லவில்லை.
மூன்று வாரமாக அப்படித்தான்:
கட்டுரையில் யார் பெயர் முதலில்.

காட்பாடியில் கத்திரி.
வைர ஊசியால் ஒரு குத்து.
ஓரம் புரண்டு
தன் முதுகின் மேலேயே படுத்துக்கொண்டது,
சின்ன நாக்கு.
அவ்வளவுதான் என்று பூட்டிவிட்டு
வாலாஜா பஸ் ஏறினேன்.
பாலாற்றுப் பாலத்தின் கீழே மணல், லாரித் தடம்,
தண்ணீர் வரும் என்று யாரோ நட்ட அளவுகோல்.

திங்கட்கிழமை நாக்கு நீண்டிருந்தது.
யாரும் தொடவில்லை.
சனி ஞாயிறு கரண்டே இல்லை, ஏசியும் ஓடவில்லை
என்றார் வாட்ச்மேன் தணிகாசலம்.
தன்னைத் தானே கிழித்து,
தன்மேல் தானே ஊர்ந்து,
ஒட்டும் ஆசை ஒன்றே போதும் என்று
ஒரு தலைமுடியின் குறுக்களவில்
பத்திலொரு பங்கு போயிருந்தது.

மாடிக் கொடியில் இரண்டு கொசுவலை
கோணலாக ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால்
நடுவே ஓர் அலை தெரியுமே,
யாரும் நெய்யாத அலை,
வெள்ளிக்கிழமைப் படத்தில் அது இருந்தது.
இன்று இல்லை.
மேல்கண்ணி கீழ்க்கண்ணியைத் தேடித் திரும்பி
அதற்கான பள்ளத்தில் உட்கார்ந்துவிட்டது.

எந்தக் கோணம், என்றாள் நுஸ்ரத்.
பூஜ்யம் என்றேன்.
பூஜ்யம் என்று எதுவும் இருக்காது,
மறுபடி அள என்றாள்,
என் நாற்காலியைக் காலால் தள்ளித்
தன்னுடையதை இழுத்துப் போட்டபடி.
ஸ்டேஷன் பக்கம் ஏதோ வண்டி பெட்டி கோத்தது.
அந்த இடியில் ஊசி ஒருமுறை துள்ளியது.

அளந்தோம்.
பூஜ்யம் புள்ளி மூன்று.