ஆறோ எட்டோ

படகுக்கு ஓட்டை அடைக்கிறவனிடம்
துப்பாக்கியைக் கொண்டுவந்தது சேகு நெய்னாவின் பிழை.
வாங்கி வைத்தது என்னுடையது.

பெரியபட்டினத்துத் தென்னந்தோப்பில்
பன்றி விரட்ட அவர் மாமனார் வாங்கிய ஒற்றைக் குழல்.
மாமனார் மௌத்தாகி, லைசென்ஸ் பேர் மாறி,
ஆறேழு வருஷம் பீரோவுக்குப் பின்னால் நின்றிருக்கிறது.
சாக்கைப் பிரித்தால்
உப்புக்காற்று குழல் நெடுகத் தேமல் போட்டிருந்தது.
கட்டையில் விரற்கடைப் பிளவு.

"அடுத்த மாசம் மகளுக்கு நிக்காஹ்.
கூடத்துல நுழைஞ்சதும் சம்பந்தி கண்ணுல படணும், ரெமீஜியுஸ்.
பளபளன்னு ஆக்கிரு."

எனக்குத் தெரிந்த பளபளப்பு ஒன்றுதான்.
கிரைண்டரில் எண்பதாம் நம்பர் தாளை மாட்டினேன்.
துரு போனது.
துருவுக்குக் கீழே கருநீலமாய் ஒன்று இருந்தது, அதுவும் போனது.
அது இரும்பின் தோல் என்று யாரும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
விசைக்கு மேலே ஒரு கொக்கு பறந்துகொண்டிருந்தது,
இறகு இறகாகச் செதுக்கியது.
முதல் இழுப்பில் வாலை இழந்தது,
இரண்டாவதில் வானத்தை.
அதன் காலடியில் ஏதோ எழுத்து, ஏதோ எண்.
பொறி பறந்தது. உதட்டில் இரும்புத்தூள் கரித்தது.
அன்றைக்குக் கைக்கு அவ்வளவு நேர்த்தி.

பிறகு கட்டை.
பிளவுக்குள் ரெசின் ஊற்றி, மேலே மேட் சுற்றினேன்.
ஹார்டனர் கொஞ்சம் கூடிப்போய்
தொட முடியாத சூடு.
மிச்சமிருந்த ஜெல்கோட் ஆரஞ்சு,
முத்துப்பேட்டை செபமாலையின் வள்ளத்துக்கு வாங்கியது.
அதையே பூசினேன்.
டார்ச் மாட்ட ஒரு கிளாம்பும் வேணுமென்றார்.
குழலின் அடியில் மூன்று மில்லி பிட்.
பாதி ஆழம் போதும் என்று நான் நினைத்தேன்.
பிட் நினைக்கவில்லை.

நூறு ரூபாய் கூடவே கொடுத்தார்.
கரையேற்றிய குட்டி வள்ளம்போலக்
கூடத்துச் சுவரில் கிடந்தது.
மாப்பிள்ளையின் சாச்சா தட்டிப் பார்த்து
"பிளாஸ்டிக்கா?" என்றாராம்.

தேர்தல் வந்தது.
லைசென்ஸ் துப்பாக்கியெல்லாம் ஸ்டேஷனுக்குப் போனது.
ரைட்டரம்மா புத்தகத்தை விரலால் ஓட்டினார்.
அதில் நான்கு இலக்கம், கடைசியில் எட்டு.
துப்பாக்கியைத் திருப்பினார், புரட்டினார்.
அதில் மின்விசிறி சுற்றுவது தெரிந்தது.
எண் இல்லாத துப்பாக்கிக்குச் சொந்தக்காரர் கிடையாது.
துப்பாக்கி இல்லாத எண்ணுக்குச் சொந்தக்காரர்
பெஞ்சில் வேர்த்துக்கொண்டிருந்தார்.
என்னைக் கூப்பிட பைக் வந்தது.

ராமநாதபுரத்திலிருந்து வந்த ஆயுதப்படை மெக்கானிக்
திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.
கட்டையை முகர்ந்தார்.
"ஃபைபரா?" என்றார்.
"ஆமா சார்."
"கட்டைக்குள்ள, குழலோட அடியில,
அதே நம்பரை இன்னொரு தடவை அடிச்சிருப்பான். கழட்டு."

ஸ்க்ரூ கழன்றது. கட்டை கழலவில்லை.
நான் ஊற்றியது,
மரத்தையும் இரும்பையும் ஒரே உடம்பாக்கி இறுகியிருந்தது.
என் ரெசினை இதுவரை
கடல்கூடப் பிரித்ததில்லை.

உளியை என்னிடமே கொடுத்தார்.

ஸ்டேஷன் வாசல் வேம்படியில் உட்கார்ந்து உடைத்தேன்.
ஆரஞ்சுச் சில்லுகள்.
அதற்குள்ளே தேன் நிறத்தில் மரம்,
வரி வரியாய், ஆற்றுமணல் மாதிரி.
பார்க்காமலே மூடியிருக்கிறேன்.
குழலின் அடியில் எண் இருந்தது.
மூன்று. சுழியம். ஒன்பது.
நாலாவது நிற்க வேண்டிய இடத்தில்
என் மூன்று மில்லி ஓட்டை.
விளிம்பில் ஒரு வளைவு மட்டும் மிச்சம்.

மெக்கானிக் லென்ஸ் வைத்துப் பார்த்தார்.
ரைட்டரம்மா வெயிலில் சாய்த்துப் பார்த்தார்.
சேகு நெய்னா பார்க்கவில்லை.

"ஆறா, எட்டா?"
என்னைத்தான் கேட்கிறார்கள்.
மேலே இருந்த எண்ணைக் கடைசியாகப் பார்த்த கண் இது.
கொக்கு ஞாபகம் இருக்கிறது.
கழுத்தை மடித்திருந்தது,
ஒரு கால் மற்றதைவிடக் கொஞ்சம் நீளம்.

தூளாக இருக்கும் என்று
ஓட்டையில் வாயை வைத்து ஊதினேன்.
குழல் முனையில், மெதுவாக,
காற்று வெளியே போனது.