குடிபோகாத வீட்டுக்கு வாடகை

பிப்ரவரி முதல் தேதியிலிருந்து நான்
பழங்காநத்தத்தில் குடியிருக்கிறேன்,
இன்னும் கண்ணால் பார்க்காத ஒரு வீட்டில்.
வாடகை ஐயாயிரத்து ஐநூறு,
கரண்டுக்கு நானூறு, தண்ணீருக்கு இருநூறு.
மாதம் பிறந்ததும் சிம்மக்கல் பேங்கில்
கார்டு வாங்காத கணக்கில் கட்டிவிடுவேன்.
வீட்டுக்காரியும் நான், குடித்தனக்காரியும் நான்.
அதனால் சண்டை அதிகம்.

அண்ணா நகர் லேபில் ரத்தம் எடுக்கிற வேலை.
ஊசி இறங்கும்போது எல்லோரும் சுவரைப் பார்ப்பார்கள்.
பஞ்சை அழுத்திய பிறகு நானும் பார்ப்பேன்,
அங்கே காலண்டர் இருக்கிறது.
சம்பளம் பதினேழாயிரத்து நானூறு.
அம்மா கையில் ஆறாயிரம்.
செல்லூரிலிருந்து கோரிப்பாளையம் வரை நடந்தால்
பத்து ரூபாய் மிச்சம்.
குடிக்காத பருத்திப்பாலுக்குத் தனியாக
ஒரு பக்கம் போட்டிருந்தேன்.
முந்நூற்று அறுபது சேர்ந்ததும்
அந்தப் பணத்தில்
பருத்திப்பால் குடித்தேன்.

மே மாதம் மோட்டார் காயில் எரிந்தது.
நாலாயிரத்து எண்ணூறு.
தம்பி போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
நான் எடுத்துக் கொடுத்தேன்.
அன்று ராத்திரி கண்ணாடி முன்னால்
வீட்டுக்காரி வந்து நின்றாள்:
"என்னம்மா, தேதி பத்தாச்சே?"
"அக்கா, வீட்டுல கொஞ்சம் கஷ்டம்."
"எந்த வீட்டுல?"
குடித்தனக்காரியிடம் பதில் இல்லை.
லைட்டை அணைத்துவிட்டேன்.

அப்பா கீழமாசி வீதியில்
மிளகாய் மண்டியில் கணக்கு எழுதுகிறவர்.
என் நோட்டு மிக்சிக்குப் பின்னால் இருக்கும்.
ஜூலையில் ஒரு நாள்
மிக்சிக்கு முன்னால் இருந்தது.
அட்வான்ஸ் முப்பதாயிரம், சிலிண்டர், அடுப்பு,
ரெண்டு சட்டி, பாய், பக்கெட்,
ஊசிநூல், ஃபியூஸ் கம்பி வரை
நான் போட்டிருந்த பட்டியலுக்கு அடியில்
சிவப்பு மையில் ஒரு கோடு.
கூட்டலில் இருநூறு பிசகு.
சரியான தொகையை எழுதி
பக்கத்தில் ஒரு டிக்,
லாரியிலிருந்து மூட்டை இறங்கி முடிந்தால்
போடுவாரே, அந்த டிக்.
அன்றைக்குச் சாப்பிடும்போது
ரசத்தில் உப்பு கூட என்றார்.
வேறு எதுவும் சொல்லவில்லை.

அம்மாதான் பேசினாள்.
"ஒரே ஊருக்குள்ள எதுக்குடி ரெண்டு உலை?
மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கேட்டா
எந்த அட்ரஸைச் சொல்ல?"
ஆறாயிரம் இனியும் வருமா என்று மட்டும்
கேட்கவே இல்லை.
கேட்டிருக்கலாம்.
நோட்டில் அது நாலாயிரமாகியிருந்தது.

மூன்று வீடுகளில் "தனியாவா?" என்ற கேள்வியோடு
கதவு சாத்திக்கொண்டது.
நாலாவது, ரோஸ்லின் டீச்சரின் மாடி அறை.
"இதுக்கு முன்னாடி எங்க குடியிருந்தே?"
இங்கேதான் டீச்சர், எட்டு மாசமா,
ஒரு மாசம் மட்டும் பாக்கி,
என்று வாய்வரைக்கும் வந்தது.
"செல்லூர்ல" என்றேன்.

அக்டோபரில் ஒரே ஆட்டோவில் எல்லாம் ஏறிவிட்டது.
அடுப்பு பற்றியது. ஃபேன் சுற்றியது.
பால் வாங்க இறங்கும்போது
கதவைச் சாத்திவிட்டு
சாத்திய கதவின் முன்னாலேயே நின்றேன்.

பூட்டு.

ஊசிநூல் வரை எழுதியவள்
அதை எழுதவில்லை.
அப்பாவின் சிவப்பு மையும் கவனிக்கவில்லை.
செல்லூர் வீட்டில் எந்நேரமும்
யாராவது ஒருவர் உள்ளே இருந்தார்கள்.

முக்குக் கடையில் திண்டுக்கல் பூட்டு
முந்நூற்று நாற்பது.
"சாவி ரெண்டு இருக்கும்மா" என்றார் கடைக்காரர்.
நோட்டில் ஏற்றினேன். கூட்டினேன்.
இன்னொரு தடவை கூட்டினேன்,
சரிபார்க்க ஆளில்லை என்பதால்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில்
பர்ஸில் கிடந்த சில்லறையோடு உரசி
ரெண்டாவது சாவி
கோரிப்பாளையம் வரும்வரை
சத்தம் போட்டுக்கொண்டே வந்தது.