தெர்மாகோல் பிடித்தவன்

பள்ளத்தூரில் ஒரு பெரிய வீட்டு வளவில்
மூன்று நாள் மசாலா விளம்பரம் எடுத்தார்கள்.
வெயிலைத் தட்டின் பக்கம் திருப்பத்
தெர்மாகோல் பிடித்தேன்,
நாளுக்கு எழுநூறு.

கோழி வேகவே இல்லை.
பழுப்பு ஷூ பாலிஷைத் தூரிகையால் தடவி
மேலே கிளிசரின் தெளித்தான் ஒரு தம்பி.
ஆவி பறக்க வேண்டுமென்று
பஞ்சை நனைத்துச் சூடாக்கித்
தட்டுக்குப் பின்னால் ஒளித்தது நான்தான்.
சாயங்காலம் மோந்து பார்த்த பூனை
ஒரு தும்மல் தும்மிவிட்டுப் போனது.

ஆடி கழிந்து ஒருநாள்
காரைக்குடி புது பஸ் ஸ்டாண்டு எதிரே
இரண்டு மாடி உயரத்தில் அதே கோழி.
அதே ஆவி. என் பஞ்சு.

எல்லாம் தெரிந்த இந்த வாயில்
எச்சில் ஊறியது.
கடைக்காரர் என்ன வேண்டும் என்பதற்குள்
பாக்கெட் என் கையில் இருந்தது.

ராத்திரி பஞ்சவர்ணம்
அட்டைப் படத்தையும் சட்டியையும்
மாறி மாறிப் பார்த்தாள்.
"படத்துல இருக்க நிறம் வரலையேங்க.
எங்கையிலதான் என்னமோ கோளாறு."

சொல்லியிருக்கலாம்.
இன்னும் கொஞ்சம் சோறு போடு என்றேன்.

அவள் சட்டியை
மறுபடி அடுப்பில் ஏற்றினாள்,
இன்னும் சித்த கறுக்கட்டும் என்று.