முதல் தெரிவு

தபாற்கந்தோர் மூட இன்னும் நாற்பது நிமிடம்.
படிவத்தில் ஒரு பெட்டி மட்டும் மிச்சம்.
அப்பா அதில் பென்சிலால்
'வைத்தியம்' என்று மெல்லமாய் எழுதியிருக்கிறார்,
வற்புறுத்தாதவர் போல.
"மாடு பாக்கவே பேராதனைக்குப் போறாய்?"

மார்கழி மழையில்
உட்துறைமுக வீதியில் செத்துக் கிடந்தது ஒரு மான்.
மிருக வைத்தியர் ஃபர்ஸானா சொன்னார்:
"ரோர்ச்சைப் பிடி.
மயங்கிறதெண்டா சொல்லிப்போட்டு மயங்கு."

நாலு அறை இரைப்பை.
பரீட்சைக்கு நான் கீறிப் பழகியது,
அறைக்கொரு நிறப் பேனையால்.
உள்ளே எல்லாம் ஒரே நிறம்.
முதல் அறையிலிருந்து இழுத்தார்,
இழுத்தார்,
இழுத்துக்கொண்டே இருந்தார்.
லஞ்ச் ஷீற். கயிறு.
கைபிடி அறாத ஷொப்பிங் பை ஒன்று,
கோணேசருக்குப் பழம் கொண்டுபோன
ஏதோ ஒரு வெள்ளிக்கிழமை.
எங்களுடையதாயும் இருக்கலாம்.
நிறுத்தோம்: மூன்றேகால் கிலோ.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.
மூன்றாம் நாள் சூடைப் பொரியலோடு இறங்கியது.

இப்போது பஸ் நிலைய வாங்கில்
என் மடியை முகர்கிறது ஒரு பிணைமான்.
பயமுமில்லை, வெட்கமுமில்லை.
ரியூஷன் கொப்பியில் அரைப்பக்கம் போய்விட்டது.
தாள்தானே, செமிக்கும்.
உறையை மட்டும் உருவி
நாலாய் மடித்துப் பைக்குள் திணிக்கிறேன்.

அழிறப்பர் கொண்டுவரவில்லை.
அப்பாவின் சொல்லுக்கு மேலேயே
நீலப் பேனையை அழுத்தி ஓட்டுகிறேன்,
ஒரு சுழிகூடப் பிசகாமல்.
பிறகு அதன் முன்னால்,
நெருக்கினால் மூன்றெழுத்துக்கு இடமுண்டு:
மிருக.

இன்னும் பதினொரு நிமிடம்.
மானும் அந்தப் பக்கமாய்த்தான் போகிறது.