எடை போடாத மீன்

காலை ஐந்து. ரம்ஸ் துறையில்
ஐஸ் பெட்டி இரண்டு, தண்ணீர் பாட்டில் நாற்பது,
டோனட் ஒரு டப்பா.
டோனட் வாடிக்கையாளருக்கு. மிஞ்சினால் எனக்கு.

பாஸ்போர்ட்டில் நான் சூசையடிமை.
படகேறி வருகிறவர்களுக்கு
நாக்கு அவ்வளவு தூரம் வராது.
சூசி என்று நறுக்கிவிட்டார்கள்.
அது ஏதோ பச்சைமீன் பண்டத்தின் பெயராம்.
கேப்டன் ஈத்முகம்மது சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.
நானும் சிரித்தேன்.
தூண்டில் படகில் வேறு யாருக்கு
இவ்வளவு பொருத்தமாய்ப் பெயர் வாய்த்தது?

வடக்கே போகப் போக இது மீன் காய்க்கிற ஓரம்.
மலை கடலில் இறங்குகிறது,
இறங்கிய இடத்தில் நிற்காமல்
அடியிலும் நடக்கிறது.
அதன் முட்டியில் களவா, தோளில் பாரை,
வெயில் தொடுகிற நீரில் நெய்மீன்.
கேப்டனிடம் திரை இருக்கிறது, திரையில் எண்கள்.
என்னிடம் கணிச்சம்:
சிமெண்ட் ஆலைப் புகைபோக்கி
பள்ளிவாசலின் இடது தோளை உரசும்போது
அவர் என்ஜினைக் குறைப்பார்,
நான் அதற்குள் தூண்டிலைக் கையில் எடுத்திருப்பேன்.
இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

இன்று வந்தது ஒரே ஆள்.
லிஃப்ட் கம்பெனி மேனேஜர், ஹென்ரிக்.
நான்கு மணி நேரம், ஆயிரத்து எண்ணூறு திர்ஹாம்.
கேட்காமலே சொன்னார்.
என் சம்பளத்தை அவர் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

மூன்று மணி நேரம் கட்டா, இன்னொரு கட்டா,
தொப்பியைக் காற்று ஒரு தடவை பிடுங்கியது.
பிறகு ரீல் கத்தியது.
தூரத்தில் கடலைக் கிழித்துக்கொண்டு
மயில்மீன்,
முதுகுப் பாயை முழுசாய் விரித்து.

நாற்பது நிமிடம். அவர் கை நடுங்கியது, கால் நடுங்கியது.
பின்னாலிருந்து பெல்ட்டைப் பிடித்துக்கொண்டேன்.
மீனோடு அவரும் போய்விட்டால்
ஆபீசில் என்னைத்தானே கேட்பார்கள்.

மயில்மீனை விட்டுவிட வேண்டும், இந்தப் படகின் விதி.
வேலைக்குச் சேர்ந்த மாதம்
இரயுமன்துறைக்குப் போன் போட்டு
தம்பி கிளீட்டஸிடம் சொன்னேன்.
"நெட்வொர்க் சரியில்ல, திரும்பச் சொல்லு.
பிடிச்சிட்டு என்ன செய்வியளாம்?"

ஹென்ரிக் படம் எடுத்துக்கொண்டார்.
அதற்குள் மீனின் நீலம் அணைந்து
ஈரச் சாக்கு நிறமாகிவிட்டது.
பின்பலகையில் முட்டி போட்டேன்.
மூக்கை ஒரு கையில் பிடித்தேன், முதுகை ஒரு கையில்.
கேப்டன் படகை நடக்க விட்டார்.
வாய்வழி நீர் போகவேண்டும், செவுள்வழி வரவேண்டும்,
வேறு வைத்தியம் கிடையாது.

ஒரு நிமிடம். மூன்று.
கண் என்னைப் பார்க்கவில்லை, எதையும் பார்க்கவில்லை.
"செத்துவிட்டதா?"
காலையிலிருந்து அவர் மெதுவாய்ப் பேசியது
அந்த ஒரு வார்த்தைதான்.
பதில் சொல்ல எனக்குக் கை ஒழியவில்லை.
அவரும் பக்கத்தில் முட்டி போட்டு,
நனைந்த கால்சட்டையோடு,
தண்ணீருக்குள் கையை விட்டு
வாலைத் தொட்டும் தொடாமலும் வைத்துக்கொண்டார்.

சீக்கிரம் விட்டால் கல்லாய் அமிழும்.
தாமதித்தால் மூக்கால் கிழிக்கும்.
நடுவில் ஒரு நொடி இருக்கிறது,
அது உள்ளங்கைக்குத்தான் தெரியும்.

தீக்குச்சி உரசியதுபோல்
விலாவில் ஒரு நீலக்கோடு.
விட்டேன்.

துறைக்கு வரும்வரை அவர் விலை எதையும் சொல்லவில்லை.
அவர் ஆபீஸ் சுவரில் நாளை தொங்கப்போகும் படத்தில்
ஓரத்தில் ஐந்து விரல் இருக்கும், கையுறை போட்டு.
டோனட் நாலு மிஞ்சியது.

ராத்திரி கிளீட்டஸ் கூப்பிட்டான்.
"இன்னைக்கு என்ன கிடைச்சு?"
"முப்பது கிலோ இருக்கும். மயில்மீன்."
"எங்க வச்சிருக்க?"
"கடல்ல."

ரொம்ப நேரம் அவன் பேசவில்லை.
நெட்வொர்க் நன்றாகத்தான் இருந்தது.