குறியோடு குறி

ஊத்தான் மெலிந்தாங்கில்
பெட்ரோல் கடைக்குப் பின்னால் என் கொட்டகை.
மேசைமேல் நேற்றைய நாளிதழ்.
கால்பந்துச் செய்தியில் பிஸ்டன்,
கண்ணீர் அஞ்சலிமேல் மூன்று ரிங்குகள்.

காலை ஏழுக்கு வேணும் என்கிறார் மண்டோர் தவசிமுத்து.
பாரிட் நிரம்பி, நட்டு நாலே மாதமான செம்பனைக் கன்றுகளுக்குக்
கழுத்துவரை தண்ணீராம்.
எண்ணெய் ஊற்றாமல் பம்ப்பை ஓட்டியது யார்
என்று நான் கேட்கவில்லை.
உடைந்த ராடு மேசையில்தான் கிடக்கிறது,
அவரும் அதைப் பார்க்காமல்தான் பேசுகிறார்.

ரிங்குகளின் வாய்கள் நேருக்கு நேர் பார்க்கக் கூடாது,
பார்த்தால் அந்த வழியே மூச்சு போய்விடும்.
ஒரே வீட்டு ஓரகத்திகள்போல
ஆளுக்கொரு பக்கம் முகம் திருப்பி வைத்தேன்.
பிஸ்டன் தலையிலுள்ள முக்கோணம்
புஷ்ராடு பக்கம்.
புது ராடு ஈப்போவிலிருந்து பேருந்தில் வந்தது,
டிரைவருக்கு மூன்று வெள்ளி.

பின்னைத் தள்ளி, ஒரு சர்கிளிப்பைப் போட்டாயிற்று.
மற்றது
மூக்குப்பிடியிலிருந்து
டிங்.

நானும் மண்டோரும் மண்டியிட்டோம்.
பக்கத்துக் கடை சியூ மெய் விளக்குமாறோடு வந்தாள்,
அவளும் மண்டியிட்டாள்.
எஞ்சினின் வயிறு அருகிலேயே திறந்து கிடந்தது.
உள்ளே விழவில்லை என்று வாய் சொல்லும்,
சத்தியம் பண்ணக் கை வராது.
மண்ணெண்ணெயில் இரண்டு தரம் கழுவினேன்.
காந்தம் விட்டுத் துழாவலாம் என்று
பழைய ரேடியோ ஸ்பீக்கரை எடுத்தால்
அதன் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது,
பறந்த வேகத்தில் நேராக அங்கே போய்.

சிரித்த களைப்பில்தான் அந்தத் தப்பு.
ராடின் தொப்பியை மாட்டி
இரண்டு போல்ட்டையும் கணக்காக முறுக்கிச் சுற்றினால்
அரைச் சுற்றில் நிற்கிறது.
"தட்டிப் பாரேன்" என்கிறார் மண்டோர்.
தட்டினால் போகும். போய்
மூன்றாம் நாள் திரும்பி வரும்.

கழற்றினேன்.
ராடிலும் தொப்பியிலும் ஒரே உளி போட்ட கோடு.
வேறு ராடின் தொப்பி இதற்குச் சேராது,
இதன் தொப்பியே திரும்பினாலும் சேராது.
கோட்டைக் கோட்டோடு வைத்து முறுக்கினேன்.
ஒற்றை விரலுக்குச் சுற்றியது.

அவர் மோட்டாரின் பின்சீட்டிலேயே தூங்கிவிட்டார்.
கேஸ்கெட் போட்டு, தலையை மூடி,
முதல் வேலையாக எண்ணெய் ஊற்றினேன்,
ஊற்றிய அளவைச் சோக்பீஸால்
டாங்கிமேல் பெரிதாக எழுதினேன்.
ஏழு மணிக்கு மூன்றாவது இழுப்பில் புகை,
நான்காவதில் சத்தம்.

மேசையைத் துடைக்க வந்தபோது
நாளிதழில் மூன்று எண்ணெய் வட்டங்கள்.
அஞ்சலிப் படங்கள் கண்ணாடிபோல் ஆகி
அடுத்த பக்கத்து வானிலை தெரிந்தது:
பேராக் கரையோரம், மேலும் இரண்டு நாள் மழை.