இடது பக்கம் வர நேரமாகும்

கையெழுத்துப் போடுமுன் வாசிக்கத்தான் செய்தேன்.
ரத்தம் கட்டலாம், தழும்பு தடிக்கலாம்,
நரம்பு அசந்துபோகலாம்.
‘நூத்துல ஒண்ணு ரெண்டு பேருக்கு’ என்றார் டாக்டர்.
அந்த ஒண்ணு ரெண்டு பேரும்
மெட்ராஸ்காரிகள் என்று நினைத்துக்கொண்டேன்.

சீட்டு எடுத்த பணம்.
வீட்டில் சொன்னது
கடைவாய்ப்பல் ஆபரேஷன்.

வண்ணார்பேட்டை, மூன்றாம் மாடி.
கண் விழித்தால்
மோவாயிலிருந்து உச்சிக்கு இறுக்கிய துணி.
பிரம்மசக்தி பார்த்ததும் வாயைப் பொத்தினாள்.
அவளும் நானும் சேர்ந்து போன துட்டிவீடுகள் எத்தனை,
நாடிக்கட்டு தெரியாதா எங்களுக்கு?
‘மூக்குலதான் பஞ்சு வைக்கலட்டி’ என்றேன்.
சிரிக்கக் கூடாது என்று
நர்ஸ் ஓடிவந்தாள்.
தையல்.

மூன்று தலையணை அடுக்கி
உட்கார்ந்தே தூங்கிய பதினோரு ராத்திரி.
ஸ்பூனில் உளுந்தங்கஞ்சி.
கன்னம் நாவல்பழமாகி, மஞ்சளாகி,
வாழைச்சருகாகி வெளுத்தது.
காதுமடல் மரத்துக் கிடந்ததில்
கம்மல் திருகாணி விழுந்ததே தெரியவில்லை,
பவுன் விற்கிற விலையில்.

மூன்றாம் வாரம் கண்ணாடி.
தொய்வு போயிருந்தது.
கொடுத்த காசுக்கு உண்டு, பொய் சொல்லக் கூடாது.
ஆனால் சிரித்தால்
வலது பக்கம் மட்டும் சிரிக்கிறது.
இடது ஓரம்
கடன் கேட்க வந்தவன்போல்
வாசலிலேயே நிற்கிறது.

‘நரம்பு அறுபடலை, அதிர்ச்சியில இருக்கு.
மூணு மாசம். ஆறும் ஆகலாம்.’
‘ஆகாமலும்?’
பேனாவை மூடினார்.

பட்டு செக்‌ஷனிலிருந்து
உள்பாவாடைக்கு மாற்றிவிட்டார்கள் கடையில்.
அங்கே முகம் பார்த்து வாங்குகிறவர் யாருமில்லை.

வீட்டுக்காரர் ஒருநாள்
சோற்றைப் பிசைந்தபடி கேட்டார்:
‘பல்லு அந்தப் பக்கமா பிடுங்குனாவ?’
‘ஆமா.’
அதன்பின் கல்யாணவீடுகளில்
என் இடது பக்கம் வந்து உட்காருகிறார்.
எனக்கா, அவருக்கா என்று
நான் கேட்டதில்லை.

காலை வண்டி
சேரன்மகாதேவியில் கிராசிங்குக்கு நிற்கும்.
அதுதான் என் பயிற்சி நேரம்.
ஜன்னலைப் பார்த்து
ஆ, ஈ, ஊ.
கன்னத்தை உப்பு. காற்றை விடு.
எதிரே பூக்கூடையோடு இருந்தவள்
வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்:
‘யாரக்கா ஏசுதிய?’

சிரித்துவிட்டேன்.
வலது புறப்பட்டுப் போய்விட்டது.
இடது ஓரத்தில் ஏதோ ஊர்ந்த மாதிரி இருக்க
எறும்போ என்று
தடவிப் பார்த்தேன்.
எறும்பு இல்லை.

சிக்னல் இன்னும் விழவில்லை.